ஏழு தலைமுறைக்கு முந்தைய கதையா?

"அமெரிக்காவில் அடிமைமுறையா? அதெல்லாம் லிங்கன் காலத்தோடு போயிற்று. பட்டவர்களும் இல்லை, அவர்களைப் பார்த்தவர்களும் இல்லை. இன்னும் ஏன் அதையே பேசுகிறார்கள்?" வரலாறு பற்றி எங்கே பேசப் போனாலும் யாராவது எழுந்து இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் படித்தவர்கள் என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

டேனியல் ஸ்மித் 2022 அக்டோபரில் வாஷிங்டனில் காலமானார். வயது 90. அவருடைய அப்பா ஏப்ரம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். கொள்ளுத்தாத்தாவைச் சொல்லவில்லை, பெற்ற அப்பாவைச் சொல்கிறேன். எழுபது வயதில் பிள்ளை பெற்றார், அவ்வளவுதான் கணக்கு. சாட்டையடிக் கம்பத்தைப் பற்றியும் தூக்கு மரத்தைப் பற்றியும் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளை, 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேரணிக் கூட்டத்தில் நின்றார். இதில் ஏழு தலைமுறை எங்கே வந்தது? இரண்டே பேர்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். அந்தப் போரில் பங்கெடுத்த மோஸ் டிரிப்லெட்டின் மகள் ஐரீன், மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் இறந்தது 2020 மே மாதம். 1865-இல் முடிந்த போருக்கு அமெரிக்கக் கருவூலம் 155 ஆண்டுகள் பணம் கொடுத்திருக்கிறது! தலைமுறைக் கணக்குக்கு இன்னொன்று: 1790-இல் பிறந்த ஜான் டைலர் அந்நாட்டின் பத்தாவது அதிபர். அவருடைய மகன் வயிற்றுப் பேரன் இறந்தது 2025-இல்.

'1865 ஏப்ரலில் போர் முடிந்தது, அன்றே எல்லோருக்கும் விடுதலை' என்பதும் தவறு. கென்டக்கியிலும் டெலவேரிலும் டிசம்பரில் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை அடிமைமுறை சட்டப்படியே நீடித்தது.

'வயதானவர் சொன்னால் வேதவாக்கு' என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு தகவல். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தரப்பின் கடைசிப் போர்வீரர் என்று கொண்டாடப்பட்ட வால்டர் வில்லியம்ஸ் 1959-இல் ஹூஸ்டனில் இறந்தார். பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினால், போர் முடிந்தபோது அவர் ஏறத்தாழப் பத்து வயதுப் பையன்.

அதற்காக வாய்மொழியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யார் கேட்டார்கள் என்று பாருங்கள் என்கிறேன். அடிமைகளாக வாழ்ந்தவர்களிடம் 1930-களில் அரசே ஆள் அனுப்பி 2,300-க்கும் அதிகமான வாக்குமூலங்களை எழுதி வாங்கியது. 1937-இல் சார்ல்ஸ்டன் நகரத்து சூசன் ஹாம்லினை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பேட்டி கண்டார். எஜமானர் நல்லவர் என்று பாட்டி சொன்னார். ஒரு கறுப்பினத்தவரும் போய்க் கேட்டார். அடி உதைகளும், விற்கப்பட்ட உறவுகளுக்காக எழுந்த ஓலமும் அவரிடம்தான் வெளியே வந்தன. கேட்டவர் பெயரைக் குறித்து வைத்ததால்தான் இந்த வேறுபாடு நமக்குத் தெரிகிறது.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கேள்விகளை வெட்டிவிடாதீர்கள். தேதி, ஊர், கேட்பவர் யார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.