முதல் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள், அம்மாவைக் கூப்பிடுகிறாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி பாரிஸ் பார்க்க ஆசைப்படுகிறது. எங்கள் தெருவில் இப்படிக் கிளம்புகிறவர்கள் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிவருவதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். உங்கள் மனு மேல் முடிவெடுக்கும் தூதரக அதிகாரி பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஏன் போகிறீர்கள், செலவு யாருடையது, ஏன் திரும்பி வருவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பேப்பர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பேப்பரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

1. சரியான நாட்டிடம் கேளுங்கள். ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன, விசா ஒன்றுதான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா இடத்திலும் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம். அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வேறு நாட்டிடம் போகாதீர்கள். ஹோட்டல் புக்கிங்கை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. நாள் பார்த்துக் கிளம்புங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். கோடை விடுமுறைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.

3. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

4. இனிஷியல் விஷயத்தில் கவனம். நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல் வருகிறது. பாஸ்போர்ட்டில் 'குமார் சுப்பையா', பேங்கில் 'எஸ். குமார்', சம்பளச் சீட்டில் 'குமார் எஸ்'. வீட்டில் எல்லோருக்கும் இது ஒரே ஆள்தான். வேறு நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். டிக்கெட், இன்சூரன்ஸ், விண்ணப்பம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். பேங்கில் முன்கூட்டியே பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். நேரமில்லையென்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று கவர் லெட்டரில் ஒரு வரி எழுதி, அதற்கு ஆதாரமும் வையுங்கள்.

5. மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 1 இறங்கினால் 90ஆவது நாள் ஜூன் 29. 'ஜூன் மாதக் கடைசி' என்று 30ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டால் ஒரு நாள் கூடிவிடும். காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள்.

6. போகும் காரணத்தை மறைக்காதீர்கள். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கு 'சுற்றுலா என்று போட்டுவிடுங்கள்' என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். குடும்பத்தைப் பார்க்கப் போவதாகவே எழுதுங்கள். மகளின் அழைப்புக் கடிதம், அவளுடைய குடியிருப்பு அனுமதியின் நகல், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் சேர்ந்தால் அந்த மனு தானே பேசும். பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவதானால், அவர் அங்குள்ள நகராட்சியில் வாங்கும் வரவேற்புச் சான்று தேவைப்படும். அதை முன்கூட்டியே வாங்கச் சொல்லுங்கள்.

7. பணத்தை உள்ளது உள்ளபடி காட்டுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமோ கைமாற்று வாங்கி நாலு லட்சத்தைக் கணக்கில் போட்டால், ஸ்டேட்மென்ட்டில் அந்த ஒரு வரிதான் கண்ணை உறுத்தும். மாதாமாதம் வரும் சிறிய சம்பளம் அதைவிடப் பலமான சாட்சி. நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகலை வையுங்கள். மகன் செலவு செய்கிறான் என்றால் அவனுடைய கடிதத்தையும் வருமானச் சான்றையும் சேருங்கள்.

8. திரும்பி வருவதற்கான காரணத்தைக் காட்டுங்கள். ஆபீஸில் கொடுத்த லீவ் லெட்டர், கடையின் பதிவு, பென்ஷன் ஆவணம், பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சான்று என எது உங்களை ஊரோடு கட்டி வைத்திருக்கிறதோ அதை எழுத்தில் காட்டுங்கள். மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வரும் காரணம், திரும்பி வருவாரா என்ற சந்தேகம்.

9. இன்சூரன்ஸ் கட்டாயம், டிக்கெட்டில் அவசரம் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டில் பணத்தை முடக்காதீர்கள். டிக்கெட்டை முன்பதிவு செய்து காட்டினால் போதும்.

10. 'கேரண்டி' என்பவரை நம்பாதீர்கள். விண்ணப்ப மையம் பேப்பரையும் கைரேகையையும் வாங்கி அனுப்பும், முடிவு தூதரகத்துடையது. ஏஜென்ட் ஃபாரம் நிரப்ப உதவலாம், விசா வாங்கித் தர முடியாது. அவர் வைக்கும் ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். போலி ஹோட்டல் ரசீதுக்கு நீங்கள்தான் பொறுப்பு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ; மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது.

11. மறுத்தால் இடிந்துபோகாதீர்கள். காரணத்தைக் குறித்த கடிதம் தருவார்கள். மேல்முறையீட்டு வழியும் கெடுவும் அதிலேயே இருக்கும். காரணத்தைச் சரிசெய்து புதிதாகவும் கேட்கலாம். பழைய மறுப்பை மறைக்காதீர்கள். அது அவர்களுடைய கணினிப் பதிவில் 5 ஆண்டு இருக்கும்.

12. விசா வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'எப்போதிலிருந்து எப்போது வரை' என்ற தேதி ஒன்று, 'எத்தனை நாள்' என்ற எண் இன்னொன்று. தேதி ஒரு மாதத்துக்கு இருந்தும் நாள் 15 என்று போட்டிருந்தால், 15 நாள்தான் தங்கலாம். பெயரில் பிழை இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள்.

13. சொன்ன நாளில் திரும்புங்கள். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு 2 ஆண்டு மல்டிபிள் என்ட்ரி விசா கிடைக்க வழியுண்டு. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்து 5 ஆண்டு. அடுத்த விசாவுக்கு உங்களிடம் இருக்கும் முதல் சான்று, இந்த முறை நீங்கள் காப்பாற்றும் வாக்குதான்.