எல்லா பிரவுசரிலும் ஒரே தோற்றம்: அடிப்படை ஸ்டைல் ஷீட் அமைக்கலாம்

சொந்தமாக இணையப் பக்கம் தயாரிப்பவர்கள் பலரும் சந்திக்கும் பிரச்னை இது. குரோம் பிரவுசரில் சரியாக அமைந்த பக்கத்தை பயர்பாக்ஸிலோ சபாரியிலோ திறந்தால் இடைவெளிகள் மாறியிருக்கும். பட்டன்கள் வேறு அளவில் தெரியும். உங்கள் சிஎஸ்எஸ் கோடில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பிரவுசரும் தனக்கென ஒரு ஸ்டைல் ஷீட் வைத்துள்ளது. நீங்கள் எதுவும் சொல்லாத இடங்களில் அதுதான் இயங்கும். பக்கத்தைச் சுற்றி 8 பிக்ஸல் இடைவெளி தானாகவே வருவது இதனால்தான்.

முன்பு இந்த வேறுபாடு இன்னும் அதிகம். பட்டியலை உள்தள்ளிக் காட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மார்ஜினைப் பயன்படுத்தியது. மோசில்லா பேடிங்கைப் பயன்படுத்தியது. ஒன்றைச் சரி செய்தால் மற்றதில் கெடும். எனவே 2007ல் எரிக் மேயர் என்ற வல்லுநர் ரீசெட் ஸ்டைல் ஷீட் ஒன்றை வெளியிட்டார். எல்லா டேக்களின் மார்ஜின், பேடிங், எழுத்தளவு ஆகியவற்றை நீக்கிச் சமமாக்கும் சிறிய பைல் அது. பல டிசைனர்கள் அதை அப்படியே காப்பி செய்து பயன்படுத்தினார்கள்.

கூடவே ஒரு சிக்கலும் பரவியது. கீபோர்டில் டேப் கீயை அழுத்தினால், அடுத்தடுத்த லிங்க்கைச் சுற்றி ஒரு கோடு தோன்றும் அல்லவா? அதற்கு அவுட்லைன் என்று பெயர். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு, தான் எந்த லிங்க்கில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடு மட்டுமே. மேயரின் பைலில் அதை நீக்கும் வரி ஒன்று இருந்தது. உங்கள் சொந்த ஸ்டைலை அமைக்க மறக்காதீர்கள் என்று அருகிலேயே குறிப்பும் எழுதியிருந்தார். காப்பி செய்தவர்கள் பலர் குறிப்பைக் கண்டுகொள்ளவில்லை! 2011ல் வந்த 2.0 பதிப்பில் அந்த வரி எடுக்கப்பட்டது. ஆனால், பழைய பைலை வைத்து உருவான டெம்ப்ளேட்களில் அது தொடரும். டபிள்யு3சி அமைப்பு 2008ல் வெளியிட்ட அணுகல் விதிகளின்படி, இந்த அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து வந்த நார்மலைஸ் என்னும் ஸ்டைல் ஷீட் வேறு வழியில் செல்கிறது. எல்லாவற்றையும் அழிக்காமல், பிரவுசர்கள் மாறுபடும் இடங்களை மட்டும் சரி செய்கிறது. வீட்டில் பக்கம் தயாரிப்பவர்களுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து.

தமிழ்ப் பக்கம் என்றால் கூடுதல் கவனம் தேவை. மேயரின் ரீசெட்டில் வரி உயரம் 1 எனத் தரப்பட்டிருக்கும். ஆங்கிலத்திற்கே இது நெருக்கம். தமிழில் 'ளு', 'ழு' போன்றவற்றின் கீழ்ப்பகுதி, அடுத்த வரியின் 'கி', 'தீ' கொம்புகளை முட்டும். 1.6 அல்லது 1.7 எனத் தரவும். பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவை பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக ஏற்காது. அவற்றின் எழுத்துருவுக்கு இன்ஹெரிட் என்ற மதிப்பு தந்தால்தான் உங்கள் தமிழ் எழுத்துரு அங்கும் வரும்.

எழுத்தளவைப் பிக்ஸலில் தராமல் 100 சதவீதம் எனத் தரவும். பார்வை மங்கியவர் தன் பிரவுசரில் பெரிய எழுத்தைத் தேர்வு செய்திருந்தால், பிக்ஸல் அளவு அதை மதிக்காது. பட்டியலின் புள்ளிகளை நீக்கினால், சபாரியில் வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்றே படிக்காமல் போகலாம். மெனுவுக்கு மட்டும் நீக்கி, அந்த டேகில் ரோல் என்பதற்கு லிஸ்ட் என மதிப்பு தரவும்.

இந்த பைலை பேஸ் எனப் பெயரிட்டு, ஹெட் பகுதியில் முதலில் இணைக்கவும். உங்கள் டிசைன் பைல் அடுத்து வர வேண்டும். சம வலிமையுள்ள விதிகளில் பின்னால் வருவதே வெல்லும்.

இப்போது மவுஸைத் தொடாமல் உங்கள் பக்கத்தை டேப் கீயால் முழுவதும் சுற்றி வாருங்கள். திரும்பி வர ஷிப்ட் கீயுடன் டேப் அழுத்தவும். எங்காவது கோடு மறைந்தால், ஸ்டைல் ஷீட்டில் அவுட்லைன் என்று தேடி, பூஜ்யம் அல்லது நன் என்றுள்ள வரியை நீக்கவும். மவுஸால் கிளிக் செய்யும்போது கோடு அசிங்கமாக வருமே என்று தயங்க வேண்டாம். போகஸ் விசிபிள் என்ற வசதி 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் அனைத்திலும் உள்ளது. பட்டன், லிங்க் ஆகியவற்றில் கீபோர்டால் வருபவருக்கு மட்டும் கோட்டைக் காட்ட அது போதும்.