எல்லா மணி நேரமும் ஒன்றல்ல: படித்துக்கொண்டே வேலைக்குச் செல்வோரைப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் எண்ணிக்கையை 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பெறப்படும் மொத்தச் சேர்க்கை விகிதம், 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 47 விழுக்காடாகவும் நாட்டின் சராசரியாக 28.4 விழுக்காடாகவும் இருந்தது. இந்த உயர்வுக்குப் பின்னால், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பலரின் உழைப்பு இருக்கிறது. அவர்களுள் பலர், தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் வீட்டு வாடகையில் ஒரு பங்குக்கும் தாமே சம்பாதிக்க வேண்டிய நிலையில், திருமண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்கும், ஜவுளிக்கடைகளுக்கும், உணவு டெலிவரிக்கும், டியூஷன் எடுப்பதற்கும் சென்றுகொண்டே முழுநேரப் பட்டப்படிப்பைப் படித்து முடிக்கிறார்கள். இவர்களுக்கு வீட்டிலும் வகுப்பிலும் வேலையிடத்திலும் வழங்கப்படும் அறிவுரைகளுள் பல, யாரும் உரசிப் பார்க்காத நம்பிக்கைகளே. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் அந்த நம்பிக்கைகளுக்கு அடியில் ஒரே பிழை கிடக்கிறது: ஒரு மணி நேரம் எந்த வேளையில், எந்த உடல்நிலையில் செலவானாலும் அதன் மதிப்பு மாறாது என்று கொள்வதே அப்பிழை.

“வேலைக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும்”

இந்த நம்பிக்கையைச் சோதிக்க, முழுநேரப் படிப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரத்தைக் கேட்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். 2023இல் வெளியான தேசிய கிரெடிட் சட்டகம் ஓர் ஆண்டுப் படிப்பை 1,200 கற்றல் மணி நேரமாகவும் 40 கிரெடிட்டாகவும் வகுக்கிறது. கிரெடிட் என்பது வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, எழுதுவது எல்லாம் சேர்ந்த 30 மணி நேர உழைப்பின் அலகு. ஆண்டில் பாதியான 600 மணி நேரத்தை ஒரு செமஸ்டரின் 15 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, வயதுவந்த ஊழியர் ஒருவருக்கு வகுத்த வார வரம்பு 48 மணி நேரம் என்பதை இதனருகில் வைத்துப் பார்த்தால், முழுநேர மாணவர் ஏறத்தாழ ஒரு முழுநேர வேலையை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது விளங்கும்.

வாரத்தின் 168 மணி நேரத்தில் நாளுக்கு எட்டு மணி வீதம் தூக்கத்துக்கு 56, படிப்புக்கு 40, குளியல், உணவு, வீட்டு வேலைகளுக்கு நாளுக்கு மூன்று மணி வீதம் 21, ஆறு நாள் போக்குவரத்துக்கு நாளுக்கு இரண்டு மணி வீதம் 12 என்று கழித்தால் மிஞ்சுவது 39 மணி நேரம். வேலை 15 அல்லது 20 மணி நேரத்துக்குள் நின்றால், மீதியில் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் சும்மா இருப்பதற்கும் இடமுண்டு. வேலை 35 மணி நேரத்தை எட்டும்போது, வேறு எதையாவது வெட்டாமல் வாரம் முடியாது. அமெரிக்க முதலாண்டு மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளிலும் மதிப்பெண் சரிவு தெளிவாகத் தெரிவது வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டி உழைப்போரிடம்தான். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல நாடுகள் வகுத்துள்ள வரம்புகளும் இந்த எண்ணைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்க்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48, கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24. இவை குடியேற்றத் துறைகள் தம் காரணங்களுக்காக வகுத்த விதிகளாதலால் கல்விக்கான அறிவியல் எல்லைகளாகக் கொள்ளத்தக்கவை அல்ல என்றாலும், அந்நாடுகளில் படிக்கும் தமிழ் மாணவருக்குக் கிடைக்கும் ஒரு வரம்பு, சென்னையிலோ திருச்சியிலோ படிக்கும் மாணவருக்கு எந்த ஏட்டிலும் இல்லை என்பது கவனத்துக்குரியது. வேலையே படிப்பைக் கெடுக்கிறது என்ற பேச்சு, எத்தனை மணி நேர வேலை என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. ஐந்து மணி நேரம் டியூஷன் எடுப்பவரும் நாற்பது மணி நேரம் கடையில் நிற்பவரும் அதில் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள்.

“தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்”

எல்லா நம்பிக்கைகளிலும் மிகுந்த தீங்கு விளைவிப்பது இதுவே. இளமையில் தூக்கத்தை வெல்வது ஒரு வீரம் என்ற புகழ்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனையில், நலமான பெரியவர்கள் சிலர் இரு வாரங்களுக்கு இரவுதோறும் நான்கு, ஆறு, எட்டு மணி நேரம் என்று பிரித்துத் தூங்கவைக்கப்பட்டனர். ஆறு மணி நேரம் தூங்கியவர்களின் கவனத்திறன் நாளுக்கு நாள் சரிந்து, இரு வார முடிவில் ஓர் இரவு முழுவதும் கண்விழித்தவரின் நிலைக்கு இறங்கியது. அதைவிட முக்கியமானது, அவர்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட மதிப்பீடு: சில நாட்களுக்குப் பிறகு தூக்கக் கலக்கம் கூடவில்லை என்றே அவர்கள் உணர்ந்தனர், ஆனால் சோதனையில் செய்த பிழைகள் தொடர்ந்து பெருகின. ஆகவே “எனக்கு ஐந்து மணி நேரம் போதும், பழகிவிட்டது” என்று ஒரு மாணவர் உறுதியாகச் சொல்வது பொய்யன்று. அளந்து சொல்ல வேண்டிய மூளையே தூக்கமிழந்த மூளையாக இருப்பதால் அந்த உறுதியைச் சான்றாகக் கொள்ள முடியாது.

தூங்கும்போது மூளை ஓய்வில் கிடப்பதாகக் கருதுவது இதன் இன்னொரு பகுதி. பகலில் கற்றவை நிலைபெறும் பணி, அதாவது புதிதாகப் பதிந்த நினைவுகள் வலுப்பெற்றுப் பழைய அறிவோடு பிணையும் பணி, பெருமளவு தூக்கத்தில் நிகழ்கிறது. எனவே படிப்பதற்காகத் தூக்கத்தை வெட்டுபவர், படித்ததைச் சேமிக்கும் களஞ்சியத்தையே வெட்டுகிறார். 18 முதல் 25 வயதினருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்டரிங் வேலைக்குச் செல்லும் மாணவரின் ஒரு முகூர்த்த நாளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மாலை வரவேற்பின் கடைசிப் பந்தி முடிந்து இலைகளை எடுத்துப் பாத்திரங்களை ஒதுக்கும்போது நள்ளிரவை நெருங்கிவிடுகிறது. காலைச் சிற்றுண்டிப் பந்திக்கு விடியலிலேயே நிற்க வேண்டுமாதலால், மண்டபத்தின் மூலையிலேயே மூன்று நான்கு மணி நேரம் படுத்து எழுந்து, வேலை முடிந்ததும் நேரே வகுப்புக்கோ டெலிவரிக்கோ செல்ல நேர்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் எதிர்வினைத் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் திறனுக்கு ஒப்பாக இறங்குகிறது என்று 1997இலும் 2000இலும் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த எல்லை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. ஒரு சொட்டு மதுவும் அருந்தாத மாணவர் ஒருவர், தூக்கமின்மையால் மட்டுமே, அந்த எல்லைக்கு மேற்பட்ட மயக்கத்தோடு இருசக்கர வாகனத்தில் சாலையில் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். இது மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சன்று, உயிரைப் பற்றியது.

“கல்லாவில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்”

ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய பணியிலேயே தங்கிவிடுவதை, 2009இல் சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் ‘கவன எச்சம்’ என்னும் கருத்தால் விளக்கினார். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடித் திறப்பவரால் புதிய தேற்றம் ஒன்றையோ கடினமான சட்டப்பிரிவு ஒன்றையோ முதன்முறையாக விளங்கிக்கொள்வது அரிது. ஆனால் சிதறிய நேரம் முழுவதும் வீண் என்று கொள்வதும் தவறு. படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து மீட்டுச் சொல்லிப் பார்ப்பது, மீண்டும் மீண்டும் வாசிப்பதைக் காட்டிலும் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் நிற்கச் செய்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006இல் மாணவர்களைக் கொண்டே நிறுவினர். நெரிசலான பேருந்தில் நின்றபடி நேற்றைய பாடத்தின் ஐந்து கருத்துகளை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும் பத்து நிமிடம் இத்தகைய மீட்டலுக்குப் பொருத்தமானது. புதியதைக் கற்பதற்கோ உடையாத ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

“ஒழுங்காக அட்டவணை போட்டால் எல்லாம் சரியாகிவிடும்”

அட்டவணை தேவைதான், எனினும் மனிதர்கள் தம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் ‘திட்டமிடல் மயக்கம்’ என்று குறித்த இந்த இயல்பு, 1994இல் கனடாவில் இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய மாணவர்களிடம் அளந்து பார்க்கப்பட்டது: அவர்கள் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தனர், ஆனது 55 நாளுக்கு மேல். ஆகவே ஒவ்வொரு மணி நேரத்தையும் நிரப்பிய அட்டவணை, முதல் வாரத்திலேயே உடைந்துபோவது மாணவரின் சோம்பலால் அன்று.

வார அட்டவணைக்குத் தெரியாத இன்னொன்று ஆண்டின் போக்கு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுகள் பொதுவாக நவம்பரை ஒட்டியும் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டியும் வருகின்றன. ஜவுளிக்கடைகளின் தீபாவளி விற்பனை முன்னதற்குச் சற்று முன்பும், சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் பின்னதன் நடுவிலும் விழுகின்றன. திருமணங்கள் நடக்காத ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் கேட்டரிங் வருமானம் வற்றிவிடுகிறது. வேலை மிகுதியாகவும் கூலி கூடுதலாகவும் கிடைக்கும் நாட்களே தேர்வுக்கு உரிய நாட்களாக அமைந்திருப்பதால், அரியர் என்று வழங்கும் தவறிய தாள்களுள் பல, அறிவுக் குறைவால் அல்லாமல் நாள்காட்டியால் விழுந்தவையாக இருக்க வாய்ப்புண்டு. செமஸ்டர் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தையும் கல்வி நாள்காட்டியையும் அருகருகே வைத்து, தை மாத வருமானத்திலிருந்தே சித்திரைத் தேர்வுக்கால இழப்பை ஈடுகட்ட ஒதுக்கிவைப்பவர், மணிக்கொரு கட்டம் வரைபவரைக் காட்டிலும் நல்ல திட்டக்காரர்.

“நட்பு, உறவு எல்லாம் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்”

அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் கூடிக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் அமெரிக்கர்களிடம் செய்த ஆய்வில் மதிப்பிட்டார். தினமும் ஒரே மரத்தடியில் சந்திக்கும் மூன்றாண்டுகளுக்குப் பிறகு அத்தனை மணி நேரம் ஒருவரோடு எளிதில் வாய்க்காது. மேலும், குடும்பத்தில் முன்னே படித்தவர் எவரும் இல்லாத மாணவருக்கு இன்டர்னல் என்று வழங்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வின் தேதி, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வேலைவாய்ப்பு முகாம் ஆகிய செய்திகள் வந்து சேர்வது பெரும்பாலும் வகுப்புத் தோழர் வழியாகவே. புதிய வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட ஓரளவு அறிமுகமானவர்கள் மூலமே மிகுதியாகக் கிட்டுகிறது என்று மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை இன்றும் சமூகவியலில் எடுத்தாளப்படுகிறது. நண்பரோடு தேநீர் குடித்த அரை மணி நேரத்தை வீண் செலவாக எழுதும் கணக்கு, கணக்கே அன்று.

மாணவியருக்கு இந்த வாய்ப்பு முதலிலேயே சுருங்கிவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர்; இது ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் உட்கொண்ட சராசரி எனினும், கல்லூரியும் கடையும் முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுக்களையில் மூன்றாவது ஷிப்ட் காத்திருப்பதை அது உணர்த்துகிறது.

“சமாளிப்பது அவரவர் சாமர்த்தியம்”

செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதில் 75 விழுக்காடு வருகை என்ற விதியின்படி ஒரு மாணவர் தவறவிடக்கூடியவை 22 நாட்கள். காய்ச்சலுக்கும் குடும்ப நிகழ்வுக்கும் போக எஞ்சுவதைக் கொண்டே அவர் முகூர்த்த நாட்களைச் சமாளிக்கிறார். அரசு, அரசு உதவிபெறும் கலைக் கல்லூரிகள் பலவற்றில் உள்ள இரு சுழற்சி முறை, அதாவது ஒரு தொகுதியினருக்கு முற்பகலிலும் மற்றொரு தொகுதியினருக்குப் பிற்பகலிலும் வகுப்பு நடத்தும் ஏற்பாடு, மாறாத அரைநாளை ஒருவருக்குக் கொடுப்பதால் வேலை பார்ப்போருக்குப் பேருதவியாக இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவியருக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கின. அத்தொகை ஒரு மாணவரிடம் திருப்பித் தருவது மாதத்தில் சில இரவுகளின் தூக்கத்தை. ஜவுளிக்கடையில் நின்றே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் மேற்சொன்ன கடைகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் மாலை வகுப்புக்குச் செல்பவரின் கால்களுக்குப் பொருளுள்ளது. இவற்றுள் எதுவும் தனிமனிதச் சாமர்த்தியத்தால் விளைந்தது அன்று.

வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்தே ஆக வேண்டியவர்களுக்கு முழுநேரப் படிப்பு மட்டுமே படிப்பு என்ற எண்ணமும் தடையாகிறது. 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழங்கும் தொலைநிலைப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு நிகரானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கல்லூரித் துறைகள் இன்டர்னல் தேதிகளை செமஸ்டரின் முதல் வாரத்திலேயே அறிவித்து அவற்றை மாற்றாமல் காக்க வேண்டும். மாணவரை வேலைக்கு வைத்திருப்போர் அடுத்த வார ஷிப்டை இந்த வாரமே சொல்லி, தேர்வுக்கு முந்தைய இரவில் அவரை அழைக்காதிருக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு ஒரு ரூபாயும் இல்லை.