புராஸ்டேட் வீக்கம்: டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்



இரவில் மூன்று நான்கு முறை எழுவது, சிறுநீர் வரத் தாமதமாவது, முடித்த பின்னும் சொட்டுவது. ஐம்பதைத் தாண்டிய பலர் இதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. ஒளு முறிந்துவிடுமோ என்று ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்தியவர்களும், பஸ் பயணத்துக்குப் பயந்து கல்யாண வீடுகளைத் தவிர்ப்பவர்களும் உண்டு. (தொடர்ந்து சொட்டுபவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இமாமிடம் கேளுங்கள்.)

சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் உள்ள புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெருத்து, நடுவே செல்லும் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. அறுபது வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி உண்டு. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கக்கூடும் என்பதால் பரிசோதனை அவசியம்.

உலகெங்கும் டாக்டர்கள் இதற்கென ஒரு கேள்விப் படிவம் வைத்திருக்கிறார்கள். தொல்லைகளைப் பற்றி 7 கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 8-வது கேள்விதான் முக்கியமானது: மீதமுள்ள வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஸ்கேனில் சுரப்பி பெரிதாகத் தெரிந்தும் நிம்மதியாக இருப்பவர் உண்டு. சிறிதாக இருந்தும் தூக்கம் கெட்டவர் உண்டு. ஆகவே சிகிச்சையை முடிவு செய்வதில் உங்கள் பதிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

டாம்சுலோசின் மாத்திரை சில நாட்களிலேயே சிறுநீர்ப் போக்கை எளிதாக்கும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை ஆபரேஷன் செய்ய இருந்தால், இதைச் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். ஃபினாஸ்டிரைடு சுரப்பியைச் சுருக்கும், பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகலாம். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவையும் இது பாதியாகக் குறைத்துக் காட்டும்.

மாத்திரை போதாதவர்களுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் உண்டு. வெளியே வெட்டுக் காயம் இருக்காது. தாரை நன்றாக வரும், பலருக்கு இரவுத் தூக்கமும் மேம்படும். ஆனால் அதன்பின் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டுபவர்கள் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் மனைவியையும் அழைத்துச் செல்வது நல்லது.

சளி, மூக்கடைப்பு மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சில வகைகள் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். அடைத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.