நீர் நிறைந்தும் கொதிப்பதேன்?



பெரும்பாக்கத்தில் உழவு நின்று பல்லாண்டுகளாய்ப் புதர் மண்டிக் கிடக்கும் உங்கள் நிலத்தில் புல்வெட்டியோடு இறங்கிய டிராக்டர் அரைமணிக்குள் சூடேறிவிடுகிறதென்றும், ரேடியேட்டரில் நீர் நிறைந்திருந்தும் இவ்வாறு நேரக் காரணம் யாதென்றும் வினவியிருந்தாய். வினா நன்று. ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்ற டிரைவரின் யோசனையையும் கூடவே எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. மூடிய நிலையில் சிக்கிக்கொண்டாலொழிய அந்த உறுப்பு இந்த வியாதிக்குக் காரணமாகாது. சிக்கினாலும் புதியதை மாட்டுவதே முறை.

எரிகின்ற டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போக, எஞ்சியதில் பெரும்பகுதியை நீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்குகிறது. (வெப்பம் முழுவதையும் வேலையாக்க இயலாதென்ற சித்தாந்தத்துக்கு வித்திட்ட சாதி கார்னோவின் சிறுநூல் 1824-இல், அவருடைய 28-ஆம் வயதில் வெளிவந்தது, எஞ்சினைத் தொடுகிறவன் அதை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டுமென்பது என் பிடிவாதம்.) நீர் வெறும் சுமைகூலி, இறக்கிய சரக்கைக் கொண்டுபோக வேண்டியது காற்றே. 1959-இல் பரீதாபாத்தில் வெளிவந்த ஐச்சர் டிராக்டரின் எஞ்சின் நீரே இன்றிக் காற்றினாலேயே குளிர்ந்ததை நினைத்துப் பார்.

இனி உன் ஊர்ப் புல்லைக் கவனி. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்களில் சம்பங்கோரை ஆளுயரத்துக்கு மேல் வளரும். அதன் பழுப்புக் கதிர் ஒன்றில் லட்சத்துக்கும் அதிகமான விதைகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய மயிர்க்குஞ்சத்தோடு, நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. முற்றிய கதிரில் வெட்டுக்கத்தி பட்ட மாத்திரத்தில் அது வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கிறது. ரேடியேட்டருக்குப் பின்னிருக்கும் விசிறி அதை உறிஞ்ச, முன் ஜாலியின் துளைகளில் எளிதாய் நுழைந்து உட்புறத் தகடுகளின் இடுக்கில் ஒட்டுகிறது. எண்ணெய்க் கசிவும் தூசியும் சேர்ந்தால் காற்றுப் புகாத படலமாகிவிடுகிறது. ஜாலி வெளியே சுத்தமாய்த் தெரியும்; டிரைவர் மூடியைத் திறந்து நீரைப் பார்த்துத் திருப்தியடைவார்! என் அனுமானத்தில், உன் பகுதியில் சூடேறும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தப் பஞ்சின் கைவரிசைதான்.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் காற்றை ஊது. முன்னிருந்து பின்னோக்கி ஊதினால் பஞ்சு இன்னும் ஆழமாய்ப் போகும். தண்ணீரை அசுர வேகத்தில் பீய்ச்சாதே, தகடுகள் மடங்கிவிடும். விசிறி பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்கு. வெட்டும்போது முதல் சுற்றில் கத்தியை உயர்த்தி நுனியை மட்டும் கொய்து, அடுத்த சுற்றில் தாழ்த்து. கியரைக் குறைக்கலாம், எஞ்சின் வேகத்தைக் குறைக்கலாகாது; திணறும் எஞ்சினோடு விசிறியும் திணறும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுமாதலால், மேற்கு நோக்கிச் செல்கையில் பஞ்சும் கூடவே வரும். தெற்கு வடக்காக ஓட்டு.

வெப்பமானி ஊசி சிவப்பை எட்டினால் புல்வெட்டியைச் சுழற்றும் பி.டி.ஓ.வை விடுவித்து, சில நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்து. மூடியை உடனே திறக்காதே. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடிக்குள் நீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் காத்திருக்கும். திறந்த கணமே ஆவியாய் முகத்தில் பாயும்.

ஊதிய பின் ஊசி எங்கே நிற்கிறதென்று எழுது. தெர்மோஸ்டாட்டை ஏற்கெனவே கழற்றியிருந்தால், இன்றே திரும்ப மாட்டச் சொல்.