ஐந்து கட்டமும் ஆறு வரியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நம் குடும்பக் குழுவில் காலைக் காபிக்கு முன்பே நீ அனுப்பும் வேர்டில் கட்டங்களை, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் ஊகிக்கும் அந்த ஆட்டத்தின் கட்டங்களை, தினமும் பார்க்கிறேன். சென்ற வாரம் முழுக்க மூன்றாவது வரியிலேயே ஐந்தும் பச்சை, அதாவது எல்லா எழுத்தும் சரியான இடத்தில். உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது போனைக் காட்டினாய். இரண்டாவது வரியில் நீ போட்டிருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "தெரியாது பெரியப்பா, ஒரு சைட்ல வந்தது" என்றாய். நீளத்தையும் எழுத்துகளையும் கொடுத்தால் பொருந்துகிற சொற்களையெல்லாம் கொட்டிவிடும் தளங்கள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீ ஏமாற்றுகிறாய் என்பதைவிட, அந்தப் பட்டியல் உன்னை ஏமாற்றுகிறது என்பதுதான் என் கவலை.

ஜோஷ் வார்டில் இந்த ஆட்டத்தைத் தன் துணைவி பாலக் ஷாவுக்காகத்தான் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 உண்டு. அத்தனையையும் பாலக் ஷா ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்த சொல், தெரியாத சொல் என்று பிரித்தார். சுமார் 2,500 மிஞ்சின. விடைகள் அந்தச் சிறிய கூடையிலிருந்துதான் வந்தன. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஆட்டத்தை வாங்கிய பிறகும் புழக்கத்தில் உள்ள சொற்களே விடையாக வருகின்றன. உன் தளமோ பெரிய கூடையை அப்படியே கவிழ்க்கிறது. உனக்கே அர்த்தம் தெரியாத சொல் விடையாக இருக்க வாய்ப்பு குறைவு. உன் தலைக்குள் இருப்பதுதான் சரியான பட்டியல்.

எந்த எழுத்து அதிகம் வரும் என்று தேடவும் உனக்குத் தளம் வேண்டாம். நான் தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விரல்தான் அதைக் கற்றுக்கொண்டது. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. 'டி'க்கு ஒரே ஒரு கோடு. 'கியூ' வந்தால் கோடு, கோடு, புள்ளி, கோடு என்று நான்கு தட்டு. மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் அச்சகத்துக்குப் போய், எந்த எழுத்துக்கு எத்தனை ஈய அச்சு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார் என்பார்கள். நிறைய வருகிற எழுத்துக்குக் குறைந்த உழைப்பு. ஆங்கிலச் சொற்களில் ஈ மொய்க்கத்தான் செய்கிறது. எழுத்து வில்லைகளால் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தைச் செய்த ஆல்ஃபிரட் பட்ஸும் செய்தித்தாளை வைத்து எழுத்து எண்ணியவர்தான். அவருடைய 100 வில்லைகளில் ஈ மட்டும் 12. கியூ ஒன்றே ஒன்று. நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தக் கணக்கு நிற்கவில்லை.

இன்னொன்று: எழுத்து மட்டுமல்ல, அது உட்காரும் இடமும் முக்கியம். விடைகளின் முதல் கட்டத்தில் 'எஸ்' நிறைய வரும். கடைசிக் கட்டத்தில் 'ஈ'யும் 'ஒய்'யும். ஆனால் எஸ் ஒட்டிய பன்மைச் சொல் பெரும்பாலும் விடையாக வராது.

இனி, இந்தப் புதன்கிழமை நீ தோற்ற கதைக்கு வருகிறேன். இரண்டாவது வரியிலேயே 'ஐ, ஜி, எச், டி' நான்கும் பச்சை. முதல் எழுத்து மட்டும்தான் பாக்கி. ஃபைட், லைட், மைட், நைட் என்று வரிசையாகப் போட்டு ஆறும் முடிந்தது. விடை 'ரைட்'. கைக்கு வந்ததை விட மனமில்லாத பிழை இது. நானும் பலமுறை செய்திருக்கிறேன். அந்த வாலோடு எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று புழக்கத்தில் உள்ள எட்டுச் சொற்கள் இருக்கின்றன. உனக்கு மிஞ்சியிருந்தது நான்கு வரி. ஒவ்வொன்றாகத் தட்டினால் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.

அப்போது 'ஃபார்ம்ஸ்' என்று போட்டிருக்க வேண்டும். பன்மைச் சொல், விடையாக வராது, தெரிந்தேதான் போடுகிறோம். எஃப், ஆர், எம், எஸ் நான்கையும் ஒரே வரியில் விசாரித்துவிடலாம். ஏதாவது ஒன்று நிறம் மாறினால் விடை கையில். நான்கும் விடையில் இல்லையென்று சாம்பலானால் ஈ, எல், என், டி மிச்சம். அடுத்து 'நெல்ட்' போடு, முன்னால் ஒலிக்காத 'கே' உள்ள அந்தச் சொல்லை. என், ஈ, எல் மூன்றில் எது நிறம் மாறுகிறதோ அதுவே முதலெழுத்து. இந்த மூன்றில் எதுவும் மாறாவிட்டால் 'டைட்'. எட்டில் எதுவானாலும் மூன்று வரிக்குள் முடிந்தது, ஒரு வரி மிச்சமும் உண்டு. ஹார்ட் மோடில் இது செல்லாது. கிடைத்த பச்சையை விடக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அர்த்தம் தெரியாமலே ஆடி ஜெயிப்பவரும் உண்டு. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமல் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அகராதியையே மனப்பாடம் செய்துவிட்டுப் போனவர் அவர். நீ அதைக்கூடச் செய்யவில்லையே!

தளத்தை அடியோடு விட்டுவிடு என்று சொல்லமாட்டேன். ஆடி முடித்த பிறகு திற. எந்தச் சொல்லெல்லாம் தோன்றாமல் போயிற்று என்று பார். அதில் ஒன்றுக்கு அகராதியில் அர்த்தம் பார்த்து எனக்கு எழுது. இன்று எனக்கு ஐந்தாவது வரியில்தான் கிடைத்தது. நாளை உன் கட்டத்தை, ஆறும் தோற்றிருந்தாலும், அப்படியே அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா