முழங்கையை மடக்கிப் பாரம் தூக்குதல்: தசையும் நெம்பும்

கித்துல்கல, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தின் பின்புறத்திலே, இரண்டு பழைய பெயின்ற் தகரங்களில் கொங்கிறீற் நிரப்பி, நடுவில் ஒரு நீர்க்குழாயைச் செருகிச் செய்த பார்பெல்லைச் சில மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் திணிவு எவ்வளவு எனக் கேட்டால் “பத்துக் கிலோ இருக்கும்” என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் கொங்கிறீற்றின் திணிவு ஏறக்குறைய 2.4 கிலோகிராம். 4 லீற்றர் தகரம் ஒன்று 9.6 கிலோகிராம், இரண்டும் சேர்ந்து 19.2 கிலோகிராம். குழாயையும் சேர்த்தால் 20 கிலோகிராமைத் தாண்டிவிடும். சர்வதேசப் பளுதூக்கல் போட்டியில் ஆண்கள் பயன்படுத்தும் வெறுங்கோலின் திணிவு 20 கிலோகிராம், பெண்களுடையது 15 கிலோகிராம். முதல்நாள் பயிற்சிக்கு வரும் பதினைந்து வயது மாணவர் இதைத் தூக்க முயன்றால் இடுப்பு வளைவதில் வியப்பில்லை.

இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது, பார்பெல்லை உள்ளங்கை முன்னோக்கியிருக்கப் பிடித்து, முழங்கையை மடக்கித் தோள்வரை உயர்த்தும் பயிற்சியாகும். இதைப் பளுதூக்கல் விளையாட்டுடன் குழப்பிக்கொள்ளக்கூடாது. 2006ஆம் ஆண்டு மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 62 கிலோகிராம் பிரிவில் இலங்கைக்குத் தங்கம் பெற்றுத்தந்த சிந்தன விதானகே ஈடுபட்ட போட்டியில் ஸ்நட்ச், கிளீன் அன்ட் ஜேர்க் என்னும் இரு முறைகள் மட்டுமே உண்டு. அங்கே காலும் இடுப்பும் முதுகும் சேர்ந்து பாரத்தை மேலே எறிகின்றன. நமது பயிற்சியோ ஒரே மூட்டை அசைத்து, அம்மூட்டை மடக்கும் தசைகளைப் பலப்படுத்துவது.

முழங்கை ஒரு பிணையல் மூட்டு. அதனை மடக்கும் தசைகளுள் முக்கியமானது மேற்புயத்தின் முன்புறத்திலுள்ள இருதலைத் தசை. இதன் இரு தலைகளும் தோட்பட்டை என்பில் தொடங்குவதால் இப்பெயர் வந்தது. மறுமுனை முன்கையின் ஆரை என்பில், முழங்கைக்கு மிக அண்மையில் பொருந்துகிறது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் இத்தசையின் தொழிலே. பார்பெல்லை உள்ளங்கை முன்னோக்கிப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

விஞ்ஞான பாடத்தில் படித்த நெம்பை இப்போது நினைவுகூர்க. முழங்கை பொறுதி. கையிலுள்ள பாரம் சுமை. தசையின் இழுவை எத்தனம். எத்தனம் பொறுதிக்கும் சுமைக்கும் இடையில் தாக்குவதால் இது மூன்றாம் வகை நெம்பாகும். எத்தனப்புயம் 4 சென்ரிமீற்றர், சுமைப்புயம் 32 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 20 கிலோகிராம் பார்பெல்லில் ஒரு கைக்கு 10 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 100 நியூற்றன் வரும். முன்கை கிடையாக இருக்கும்போது,

எத்தனம் × 4 = 100 × 32
எத்தனம் = 800 நியூற்றன்

முன்கையின் சொந்த நிறையைச் சேர்க்காமலே இவ்வளவு. 80 கிலோகிராம் ஆள் ஒருவரைத் தொங்கவிட்டது போன்ற இழுவை அது! இதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது வீச்சும் வேகமும்: தசை சிறிதளவு சுருங்கினாலே கை பெருந்தூரம் நகர்கிறது.

கை கீழே தொங்கும்போது சுமை, பொறுதிக்கு நேர் கீழாக வருவதால் திருப்பம் மிகக் குறைவு. முன்கை கிடையாக வரும்போது அது உச்சமாகிறது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பாரம் அதிகமாக இருந்தால் உடலைப் பின்னே சாய்த்து, இடுப்பை முன்னே தள்ளி, ஊஞ்சல்போல ஆட்டி அந்த இடத்தைக் கடந்துவிடுகிறார்கள். பாரம் மேலே போகிறது, உண்மைதான். ஆனால் இருதலைத் தசை செய்யவேண்டிய வேலையை இடுப்பு முதுகு செய்துவிட்டது. அதுவும் வளைந்த நிலையில். உளுக்கும் நாரிப்பிடிப்பும் இப்படித்தான் வருகின்றன.

கித்துல்கலையில் களனி கங்கையின் பாய்ச்சலில் ரப்பர் படகு செலுத்துவோரைக் கவனித்தவர் ஒரு சந்தேகம் கேட்கலாம்: அவர்கள் உடலையும் திருப்பித்தானே துடுப்பு வலிக்கிறார்கள்? ஆம், அங்கே அதுவே சரி. படகு நகரவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள். கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது காலுக்கு வேலை கொடுப்பதும் அவ்வாறே. இங்கே பாரம் நகர்வது நோக்கமன்று, குறித்த தசை உழைப்பதே நோக்கம்.

ஆகவே உடலைச் சூடாக்கிய பின், பாதங்களை இடுப்பளவு அகலத்தில் ஊன்றி, முழங்கால்களை இறுக்காமல் நிற்க. கைகள் தோளளவு அகலத்திலும் முழங்கைகள் விலாவை ஒட்டியும் இருக்கட்டும். மணிக்கட்டு பின்னோக்கி மடியக்கூடாது. மூச்சை வெளிவிட்டவாறு இரண்டு செக்கனில் உயர்த்தி, மூச்சை உள்ளிழுத்தவாறு மூன்று செக்கனில் இறக்குக. மூச்சை அடக்கினால் குருதியமுக்கம் உயரும். ஆரம்பத்தில் 10 முதல் 12 தடவை ஆடாமல் தூக்கக்கூடிய பாரமே போதும். இரண்டு சுற்றுகள், அடுத்த பயிற்சிக்கு முன் ஒருநாள் ஓய்வு. வெறுங்குழாயுடன் தொடங்குவது வெட்கமல்ல.

இறக்குவது பற்றி ஒரு சொல். “மடக்கும்போது இருதலைத் தசை, நீட்டும்போது முத்தலைத் தசை” என மனனம் செய்த மாணவர் இங்கே தவறிழைப்பர். பாரத்தைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அது தடாலென விழாமல் பிடித்துக்கொண்டு, நீண்டவாறே உழைப்பது இருதலைத் தசைதான். தண்டால் எடுக்கையில் உடலை மேலே தள்ளும்போது முத்தலைத் தசை முழங்கையை நீட்டுகிறது. அந்த விதி பொருந்துவது அத்தகைய இடங்களில்.

மாதிரி வினா

கையில் 60 நியூற்றன் சுமையை ஏந்தி முன்கையைக் கிடையாக வைத்திருக்கும் ஒருவரின் சுமைப்புயம் 30 சென்ரிமீற்றர், எத்தனப்புயம் 5 சென்ரிமீற்றர்.
(அ) இது எவ்வகை நெம்பு? காரணம் தருக.
(ஆ) முன்கையின் நிறையைப் புறக்கணித்து எத்தனத்தைக் காண்க.
(இ) சுமையை மெதுவாக இறக்கும்போது பிரதானமாக உழைக்கும் தசை எது?

விடை: (அ) மூன்றாம் வகை, பொறுதிக்கும் சுமைக்கும் இடையே எத்தனம் தாக்குகிறது. (ஆ) 60 × 30 ÷ 5 = 360 நியூற்றன். (இ) இருதலைத் தசை.